எழிலும் எருவும்

இயற்கை வருணனை என்றதும் எம்மிற் பலர் அதனைக் கதைக்குப் பூட்டிய நகை என்றே எண்ணிவிடுகின்றோம். நாவலைப் படிக்கும் மாணவன் ஆறும் குன்றும் வயலும் வரும் பக்கங்களை விரைந்து புரட்டிவிட்டு, உரையாடல் தொடங்கும் இடத்திலேதான் மீண்டும் கண்ணை நிறுத்துகின்றான். மொழிபெயர்ப்போரிடத்தும் இவ்வெண்ணம் உண்டு. மாந்தரின் பேச்சை மொழிபெயர்க்க அறிவு வேண்டும்; நிலக்காட்சியை மொழிபெயர்க்க இனிய சொற்கள் சில இருந்தாற் போதும் என்பதே அவ்வெண்ணத்தின் சாரம். பிரெஞ்சு உரைநடையின் புகழ்பெற்ற நிலக்காட்சிகள் ஆங்கிலத்துக்கு வந்துசேர்ந்த வரலாற்றை ஊன்றி நோக்கினால் இக்கருத்து எத்துணைப் பிழையானது என்பது புலனாகும். அவ்வரலாற்றிலே நீதிமன்ற விசாரணை உண்டு, சிறைத்தண்டனை உண்டு, ஒரு சமூகம் தன் நிலத்திலே எதைப் பார்க்க விரும்பியது, எதைப் பார்க்க மறுத்தது என்ற பெரிய வினாவும் உண்டு.

தமிழ் இலக்கண மரபில் வந்தோர்க்கு இவ்வினா முற்றிலும் புதியதன்று. நிலத்தை முதற்பொருள் என்று கூறிய தொல்காப்பியர் அத்துடன் நின்றுவிடவில்லை. அந்நிலத்து மக்களின் உணவையும் தொழிலையும் விலங்கையும் மரத்தையும் கருப்பொருள் என வகுத்தார். உழைப்பும் உணவும் நீங்கிய வெறுங்காட்சியை அவர் நிலமாகக் கொள்ளவில்லை. இந்தப் பார்வையுடன் பிரெஞ்சு நிலக்காட்சிகளை அணுகினால், அவற்றின் மொழிபெயர்ப்பு வரலாறு எமக்கு எளிதில் விளங்கும். முதற்பொருளை மட்டும் கொண்டுவந்து கருப்பொருளைக் கரையிலே விட்டுவந்த மொழிபெயர்ப்புக்களும் உண்டு. இரண்டையும் சுமந்துவர முயன்றவையும் உண்டு.

இவ்வரலாற்றின் தொடக்கக் கட்டத்துக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு 1795ஆம் ஆண்டிலே கிடைக்கின்றது. பெர்னார்தன் த சன் பியேர் எழுதிய 'பாலும் வேர்ஜினியும்' என்னும் கதை 1788 இல் வெளிவந்தது. பிரெஞ்சுக்காரர் அந்நாளில் ஆட்சி செலுத்திய மொரீஷியஸ் தீவே அதன் களம். ஆசிரியர் அத்தீவிலே பொறியியலாளராகப் பணியாற்றியவர். அங்கு அடிமைகள் பட்ட துன்பத்தை நேரிற் கண்டு, 1773 இல் வெளியிட்ட பயண நூலிலே கண்டித்து எழுதியவர். ஆகையால் அவருடைய கதையில் வெப்பமண்டலத்து மரங்களும் அருவிகளும் எழிலோடு விளங்கும்போதே, ஆண்டையிடமிருந்து தப்பியோடிய அடிமைப் பெண்ணொருத்தியும் வந்து நிற்கின்றாள். இதனை ஆங்கிலத்தில் ஆக்கிய ஹெலன் மரியா வில்லியம்ஸ் பிரெஞ்சுப் புரட்சியை வரவேற்றுப் பாரிசில் வாழ்ந்தவர். 1793 இல் அங்கே சிறைவைக்கப்பட்டவர். அவருடைய துணிவை எவரும் ஐயுறார். ஆயினும் அவர் மொழிபெயர்ப்பிலே செய்தது யாது? ஆசிரியரின் பொதுச் சிந்தனைகள் அடங்கிய பக்கங்கள் சிலவற்றை, ஆங்கில வாசகர் பொறுமை இழப்பர் எனக் கூறி விட்டுவிட்டார். தாமே இயற்றிய எட்டு சொனெற் பாக்களை இடையிடையே பொருத்திவிட்டார். அக்காலத்து ஆங்கிலச் சுவைக்கு அதுவே இயல்பாயிருந்தது. இயற்கையைக் கண்டவிடத்து ஒரு மெல்லிய சோகமும் ஒரு பாட்டும் எழவேண்டும் என்று வாசகர் எதிர்பார்த்தனர். மொழிபெயர்ப்பாளர் அதனைக் கொடுத்தார்.

இச்சுவை வானத்திலிருந்து வீழ்ந்ததன்று. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் பொதுநிலங்கள் பாராளுமன்றச் சட்டங்களின் மூலம் வேலியடைக்கப்பட்டுத் தனியார் உடைமையாயின. சிறு பயிர்ச்செய்கையாளர் கூலிகளாயினர். பலர் நகரங்களுக்குச் சென்றனர். பெருநிலவுடைமையாளர் தம் மாளிகைகளைச் சூழப் பூங்காக்களை அமைத்து, சாளரத்திலிருந்து நோக்கும்போது உழவனோ உழவோ கண்ணிற் படாதவாறு காட்சியை ஒழுங்குசெய்தனர். நிலம் பார்வைப் பொருளாயிற்று. அதைப் பற்றிப் பேசும் கண்ணியமான மொழியும் அதற்கேற்ப உருவாயிற்று.

பிரான்சின் வரலாறு வேறு. 1789 இன் புரட்சி நிலமானிய உரிமைகளைத் தகர்த்தது. சிறு நிலத்துக்குத் தானே சொந்தக்காரனான குடியானவன் அங்கு பெருந்தொகையினனாக நிலைத்தான். 1804 இன் நெப்போலியன் சட்டக்கோவை தந்தையின் சொத்தைப் பிள்ளைகள் அனைவர்க்கும் பங்கிடும் முறையை உறுதிசெய்தது. தலைமகனுக்கே நிலம் என்ற ஆங்கில வழமைக்கு இது நேரெதிர். எனவே, பிரெஞ்சு நாவலாசிரியன் ஒரு சமவெளியை வருணிக்கும்போது அவன் கண்முன் கிடப்பது பங்கு பங்காகக் கீறப்பட்ட நிலம். ஒவ்வொரு கீற்றின் பின்னாலும் ஒரு குடும்பச் சண்டை இருக்கின்றது.

இவ்வேறுபாடு தனிச்சொற்களிலேயே மொழிபெயர்ப்பாளனைத் தடுத்து நிறுத்துகின்றது. 'பேயி' என்பது பிரெஞ்சில் நாட்டையும் குறிக்கும், ஒருவன் பிறந்து வளர்ந்த சிறு வட்டாரத்தையும் குறிக்கும். அதிலிருந்தே 'பேயிசான்' என்னும் சொல் பிறந்தது: வட்டாரத்து மண்ணுக்குரியவன், குடியானவன். அதனை ஆங்கிலத்தில் எவ்வாறு சொல்வது? 'பெசன்ற்' என்றால் அச்சொல்லிலே நகரத்தானின் ஏளனம் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. 'ஃபாமர்' என்றால் ஆங்கில வாசகனின் மனத்திலே முதலிட்டுக் கூலியாட்களை வைத்துப் பண்ணை நடத்துபவன் தோன்றுகின்றான். 'லேபரர்' என்றாலோ நிலமற்ற கூலி. மூன்றும் சரியில்லை. ஏனெனில் அந்த வகுப்பே இங்கிலாந்தில் அழிக்கப்பட்டுவிட்டது. அவ்வாறே பிரெஞ்சு வயலை 'ஃபீல்ட்' என்றதும் ஆங்கில வாசகனுக்கு உயிர்வேலி சூழ்ந்த துண்டு தோன்றும். பாரிசின் தென்மேற்கே உள்ள போஸ் சமவெளியிலோ வேலியே இல்லாத கோதுமைக் கடல்தான் உண்டு. அகராதியின் குறையன்று இது. இரு நாட்டு வரலாறுகளின் வேறுபாடு.

இன்னொரு தடையும் உண்டு. அதுவும் வரலாற்றில் வேரூன்றியது. 1066 இல் நோர்மண்டியின் பிரபுக்கள் இங்கிலாந்தை வென்றனர். அதன்பின் நெடுங்காலம் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு வழங்கிற்று. வயலிலும் தொழுவத்திலும் பழைய ஆங்கிலமே வழங்கிற்று. மாட்டை மேய்த்தவன் தன் சொல்லால் அதனை அழைத்தான். அதன் இறைச்சியை உண்டவன் பிரெஞ்சுச் சொல்லால் அழைத்தான். இதன் விளைவாக, ஆங்கிலத்திலே பிரெஞ்சு வழிவந்த சொல் பெரும்பாலும் மேலிடத்துச் சொல்லாகவும், பழஞ்சொல் மண்ணின் சொல்லாகவும் நிலைத்துவிட்டன. பிரெஞ்சுக் குடியானவன் அன்றாடம் கூறும் ஓர் எளிய சொல்லை அதே வடிவில் ஆங்கிலத்தில் எழுதினால் அது படித்தவர் வாய்ச்சொல்லாகிவிடும். சொல்லுக்குச் சொல் நேர்மையாக மொழிபெயர்த்தவன் தன்னையறியாமலே உழவனுக்குப் பட்டாடை உடுத்திவிடுகின்றான். பிரெஞ்சு நிலக்காட்சிகள் ஆங்கிலத்தில் மிகைக் கவித்துவம் பெற்று ஒலிப்பதன் இரகசியங்களில் இதுவும் ஒன்று.

இத்தனை தடைகளும் ஒருங்கே வந்து நிற்கும் நூல் குஸ்தாவ் புளோபேரின் 'மடம் பொவாரி'. 1856 இல் ஒரு சஞ்சிகையில் தொடராக வெளிவந்து, ஒழுக்கத்துக்கு மாறானதென 1857 இல் வழக்குக்குள்ளாகி விடுதலை பெற்ற நாவல் அது. அதன் இரண்டாம் பகுதி யொன்வில் என்னும் கற்பனை ஊரின் வருணனையோடு தொடங்குகின்றது. ஆற்றின் ஒரு புறம் மேய்ச்சல் நிலம், மறுபுறம் உழுநிலம். பசும்புல்லும் பொன்னிறக் கோதுமையும் எல்லை கண்டு பிரிகின்றன. இடையே நீர் வெள்ளிக்கோடாக ஓடுகின்றது. விரித்துப்போட்ட ஒரு பெரிய மேலங்கியை ஒப்பாகக் காட்டுகின்றார் ஆசிரியர். இதுவரையில் எழில். ஆனால் அடுத்த சில வரிகளிலேயே அவர் வேறு செய்திகளைச் சொல்கின்றார். அந்த மாவட்டத்திலேயே மிக மோசமான பாற்கட்டி செய்யப்படுவது அங்கேதான். மணலும் கல்லும் நிறைந்த பொலபொலத்த மண்ணாகையால் மிகுந்த எரு போடவேண்டியிருக்கின்றது, ஆகையால் பயிர்ச்செய்கைக்குச் செலவு அதிகம். 1835 வரையில் அவ்வூருக்கு ஒழுங்கான வீதியே கிடையாது. அங்கியைக் காட்டிய கைதான் எருவையும் காட்டுகின்றது.

அந்த எரு ஒருமுறை மட்டும் வந்து மறையவில்லை. பின்னர் அதே ஊரில் விவசாயக் கண்காட்சி நடைபெறுகின்றது. நகரமண்டபத்து மேல்மாடியிலிருந்து ரொடோல்ப் என்னும் செல்வன் எம்மா பொவாரியிடம் காதல் மொழி பேசுகின்றான். கீழே மேடையிலிருந்து பரிசு அறிவிப்புக்கள் ஒலிக்கின்றன. அவனுடைய உருக்கமான வார்த்தைகளுக்கு நடுவிலே எருவுக்கான பரிசு அறிவிக்கப்படுகின்றது. ஊரின் வருணனையில் வந்த 'ஃபுமியே' என்ற அதே சொல். இறுதியிலே, ஒரே பண்ணையில் 54 ஆண்டுகள் ஊழியஞ் செய்த கத்தரின் லெரூ என்ற கிழவி மேடைக்கு அழைக்கப்படுகின்றாள். களஞ்சியத்துத் தூசும் சலவைக்காரமும் ஆட்டு மயிரின் பிசுக்கும் ஊறி, எத்துணை கழுவினும் அழுக்காகவே தோன்றும் கைகள் அவளுடையவை. அவளுக்குக் கிடைக்கும் பரிசு 25 பிராங் பெறுமதியான வெள்ளிப் பதக்கம். முன்னே கண்ட பொன்வயலின் விலை இங்கே அந்தக் கைகளிலே கணக்கிடப்படுகின்றது. ஆகவே, ஊர் வருணனையில் எருவை மென்மையாக்கி எழுதுகின்ற மொழிபெயர்ப்பாளன் ஒரு சொல்லை மட்டும் இழக்கவில்லை. நாவலின் நரம்பொன்றையே அறுத்துவிடுகின்றான்.

இந்நாவலை 1886 இல் ஆங்கிலத்துக்குத் தந்தவர் கார்ல் மார்க்ஸின் கடைசி மகளான எலினோர் மார்க்ஸ். இங்கிலாந்தில் வெளிவந்த முதல் மொழிபெயர்ப்பு அதுவே. எலினோர் 1855 இல் இலண்டனிலே பிறந்தவர். வில்லியம் மொறிஸ் முதலானோருடன் சேர்ந்து 1884 இன் இறுதியில் சோசலிஸ்ட் லீக்கைத் தோற்றுவித்தவர். 1889 இல் எரிவாயுத் தொழிலாளர் சங்கம் எழுந்தபோது அதன் தூண்களில் ஒருவராயிருந்தவர். அச்சங்கத்தின் தலைவர் வில் தோணுக்கு எழுத்துப் பயிற்சி அளித்தவர். 'மடம் பொவாரி' வெளிவந்த அதே 1886 இல், பாரிஸ் கொம்யூனைப் பற்றி லிசகரே எழுதிய வரலாறும் அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பில் வெளிவந்தது. இவ்விரண்டு நூல்களும் ஒரே மேசையிலிருந்து வந்தவை என்பது மனங்கொள்ளத்தக்கது. புளோபேரோ கொம்யூனை வெறுத்தவர். எனினும் அவருடைய அரசியற் சார்பைக் கண்டு எலினோர் அவரை ஒதுக்கிவிடவில்லை. இரு ஆண்டுகளின் பின், 1888 இல், ஏங்கெல்ஸ் மார்கிரெற் ஹாக்னெஸ்ஸுக்கு எழுதிய கடிதத்திலே, மன்னராட்சிப் பற்றுடைய பல்ஸாக்கின் யதார்த்தம் அவருடைய சொந்தச் சார்புகளையும் மீறி உண்மையைக் காட்டிற்று என்று விளக்கினார். அக்கருத்தை எலினோர் தம் தொழிலின் வாயிலாக முன்னரே செயற்படுத்தியிருந்தார் எனலாம்.

தம் மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையிலே எலினோர் மொழிபெயர்ப்பாளரை மூவகையாகப் பிரிக்கின்றார். மூலத்தைத் தன் மொழியில் மறுபடி படைக்கும் மேதை ஒருவன். அகராதியைக் கையிலெடுத்துக்கொண்டு கூலிக்கு எழுதித் தள்ளுபவன் இன்னொருவன். இவ்விருவருக்கும் இடையே மனச்சாட்சியுள்ள உழைப்பாளி. தம்மை அவர் மூன்றாவது வகையிலே சேர்த்துக்கொண்டார். தம் பணியின் குறைகளை மறைக்காது ஒப்புக்கொண்டு, தாம் மூலத்தில் எதையும் குறைக்கவோ கூட்டவோ இல்லை என்பதை மட்டும் வற்புறுத்தினார். மொழிபெயர்ப்பை அருள்வாக்காகவோ பொழுதுபோக்காகவோ கருதாது, நேர்மையைக் கோரும் உழைப்பாகக் கருதிய இம்மனநிலை அக்காலத்துக்குப் புதியது.

அவருடைய உழைப்பை யொன்வில் வருணனையிலே சோதித்துப் பார்க்கலாம். அங்கியின் எழில் அங்கே இருக்கின்றது. பாற்கட்டியின் இழிவும் இருக்கின்றது. மண்ணிலுள்ள கல்லைக் குறிக்க அகராதி காட்டும் பொதுச்சொல்லை விடுத்து, தீக்கல்லைக் குறிக்கும் 'ஃபிளின்ற்' என்ற சொல்லை எடுத்தார். நோர்மண்டியின் சுண்ணாம்பு நிலத்திலே கலப்பையில் இடறும் கல் அதுவே. கால்வாய்க்கு இப்பாலுள்ள தென் இங்கிலாந்தின் உழவனும் நன்கறிந்த கல் அதுவே. ஆங்கிலத்தில் இயல்பாக இருப்பது என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. ஆனால் அதே வாக்கியத்திலே மண்ணின் தன்மையைக் கூறும் 'ஃபிரையபிள்' என்ற பிரெஞ்சு வழிச் சொல்லை அப்படியே வைத்துவிட்டார். எந்த ஆங்கில உழவனும் தன் மண்ணை அப்படிச் சொல்லான்; அது வேளாண்மை நூலின் சொல். மேலே கூறிய ஆயிரத்து அறுபத்தாறின் பொறியிலே உழைப்பாளியும் ஒருகணம் அகப்பட்டுக்கொண்டார்.

எருவை அவர் கைவிடவில்லை. ஊர் வருணனையிலும் கண்காட்சியிலும் 'மெனூர்' என்ற ஒரே சொல்லையே கையாண்டார், நரம்பு அறுபடவில்லை. அச்சொல்லின் பிறப்பு இங்கு கவனிக்கத்தக்கது. அதுவும் பிரெஞ்சிலிருந்து வந்ததுதான். ஆனால் அதன் பழைய பொருள் எரு அன்று. கையால் வேலைசெய்தல், நிலத்தைக் கையால் உழைத்துப் பண்படுத்தல் என்பதே. கையுழைப்பைக் குறித்த சொல் காலப்போக்கில் அந்த உழைப்போடு நிலத்திலிட்ட எருவைக் குறிக்கலாயிற்று. புளோபேரின் பிரெஞ்சுச் சொல்லிலே இல்லாத ஒரு கை, ஆங்கிலச் சொல்லின் வேரிலே ஒளிந்துகிடக்கின்றது. எலினோர் இதனை எண்ணியே எழுதினார் என்று நாம் சொல்லவேண்டியதில்லை. மொழியின் அடித்தளத்திலே உழைப்பின் வரலாறு உறைந்து கிடக்கின்றது என்பதற்கு இது சான்று; நேர்மையான மொழிபெயர்ப்பு அதனைத் தன் பங்குக்கு மேலே கொண்டுவருகின்றது.

இந்நேர்மைக்கு விலை கொடுக்கவேண்டியிருந்தது. எலினோரின் மொழிபெயர்ப்பை வெளியிட்ட ஹென்றி விசெற்றெலி, எமிலி சோலாவின் நாவல்களையும் மலிவான பதிப்புக்களாக ஆங்கிலத்தில் வெளியிட்டுவந்தார். 1887 இல் வெளிவந்த சோலாவின் 'லா தேர்' போஸ் சமவெளியின் குடியானவரைப் பற்றியது. முதியவன் ஒருவன் தன் நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுவிட்டு நாதியற்றுப்போகும் கதை. முதல் அத்தியாயத்திலேயே பரந்த சமவெளியும் விதைப்பும் உண்டு. பசுவைக் காளையிடம் கொண்டுசெல்லும் சிறுபெண்ணும் உண்டு. சோலாவின் நிலக்காட்சியிலே கருப்பொருள் முழுவதும் இருந்தது. 1888 மே மாதத்தில் சாமுவேல் ஸ்மித் என்ற உறுப்பினர் பாராளுமன்றத்திலே பிரெஞ்சு நாவல்களைக் கண்டித்து முழங்கினார். அவ்வாண்டு ஒக்ரோபரில் விசெற்றெலி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். வழக்குக்குரிய பகுதிகள் வாசிக்கப்பட்டபோது, மேலும் கேட்க விருப்பமில்லை என ஜூரிமார் தடுத்தனர். நூறு பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. 1889 இல் மீண்டும் வழக்கு. இம்முறை மூன்று மாதச் சிறை. அவருக்கு அப்போது எழுபது வயதை அணுகிய முதுமை. 1894 இல் அவர் இறந்தார்.

இவ்வழக்கைப் பாலியல் ஒழுக்கம் பற்றியது என்றே வழமையாகக் கூறுவர். அது உண்மையே, ஆனால் முழு உண்மையன்று. ஆங்கிலக் கிராமப்புறத்தைப் பூங்காவாகப் பார்த்துப் பழகிய வகுப்புக்கு, நிலத்தைக் காளையும் எருவும் பேராசையும் கொலையுமாகக் காட்டிய ஒரு நூல் மலிவு விலையில் பொதுமக்கள் கையில் போய்ச் சேர்வது பொறுக்கத்தகாததாயிற்று. பிரெஞ்சு தெரிந்த கனவான் மூலத்தைப் படிப்பதை எவரும் தடுக்கவில்லை. ஆங்கிலம் மட்டுமே தெரிந்த எழுத்தரும் தொழிலாளியும் படிப்பதே குற்றமாயிற்று. தண்டனைக்குள்ளானது மொழிபெயர்ப்பு.

சோலாவின் அந்நூற்பெயரின் கதையும் சுவையானது. 'தேர்' என்ற ஒரே பிரெஞ்சுச் சொல் மண், நிலம், பூமி ஆகிய மூன்றையும் ஒருங்கே தாங்கும். முதியவன் பங்கிடும் நிலமும் அதுவே; கலப்பை கிழிக்கும் மண்ணும் அதுவே; அனைவரையும் இறுதியில் விழுங்கும் பூமியும் அதுவே. 1888 இன் ஆங்கிலப் பதிப்பு மண்ணைத் தேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டுப் பதிப்புக்கள் பூமியைத் தேர்ந்தன. உடைமையைச் சுட்டும் சொல்லை எவரும் தலைப்பாகக் கொள்ளவில்லை. மூன்றில் ஒன்றை எடுத்தால் இரண்டு போய்விடும். இவ்விடத்து மொழிபெயர்ப்பாளனைக் குறைகூறுவதிற் பயனில்லை. எதை இழந்தோம் என்பதை அறிந்திருத்தல் வேண்டும், அவ்வளவே.

வழக்குகளின் பின் சோலா இருவழிப்பட்டார். பொதுச் சந்தைக்கு வெட்டித் திருத்திய பதிப்புக்கள். சந்தா செலுத்திய சிலருக்கு மட்டும் வெட்டாத பதிப்புக்கள். 1894 இல் லுற்றீஷியன் சங்கம் தன் உறுப்பினருக்காக வெளியிட்ட 'ஜேர்மினால்' இரண்டாவது வகையினது. அதனை மொழிபெயர்த்தவர் ஹவ்லொக் எல்லிஸ். வடபிரான்சின் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தைக் கூறும் இந்நாவலுக்காகச் சோலா 1884 இல் அன்சான் சுரங்கங்களுக்கு நேரிற் சென்று, அங்கு நடந்த வேலைநிறுத்தத்தைக் கண்டறிந்தார். நூற்பெயரே நிலக்காட்சியும் அரசியலும் ஒன்றாகியது: புரட்சிக் காலத்து நாட்காட்டியில், மார்ச் பிற்பகுதியில் தொடங்கும் முளைப்பு மாதம் அது. வேலையற்ற ஒருவன் மார்ச் மாதத்து இருளிலே பீற்றூட் வயல்களினூடே நடந்து வருவதில் தொடங்கி, ஏப்ரில் வெயிலில் மண்ணின் கீழே விதைகள் முளைகொள்ளும் காட்சியில் நாவல் முடிகின்றது. தோற்ற தொழிலாளரின் எதிர்காலத்தை ஆசிரியர் பிரசங்கமாகச் சொல்லாமல் நிலத்தின் வாயிலாகவே சொல்லிவிடுகின்றார்.

அந்தத் தொடக்க வாக்கியத்திலே சமவெளிக்கு ஓர் அடைமொழி உண்டு: 'ராஸ்'. மழித்த, வழித்தெடுத்த என்பது அதன் பொருள். 1894 இல் எல்லிஸ் அதனைத் 'திறந்த' சமவெளி என்றார். திறந்த வெளி என்பது ஆங்கிலச் செவிக்கு விடுதலையையும் காற்றையும் நினைவூட்டுவது. வாக்கியம் இயல்பாக ஓடுகின்றது, ஆனால் நிலம் மழிக்கப்பட்டதென்ற உணர்வு மறைந்துவிடுகின்றது. 1954 இல் லெனார்ட் ரான்கொக் பெங்குயின் பதிப்புக்காக மொழிபெயர்த்தபோது 'வெறுமையான' சமவெளி என்றார். மேலும், மூலத்திலே அம்மனிதன் வீதியைத் தொடர்ந்து சென்றான் என்று மட்டும் இருக்க, ரான்கொக் களைத்துக் கால் இழுத்து நடத்தலைக் குறிக்கும் ஒரு தனி ஆங்கில வினையை அங்கே இட்டார். நடையின் பாங்கை வினைக்குள்ளேயே அடக்கிக்கொள்வது ஆங்கிலத்தின் இயல்பு; பிரெஞ்சோ அதனை வினைக்கு வெளியே தனியே கூறும், அல்லது கூறாதே விடும். ஆங்கிலத்தின் இவ்வியல்பைப் பயன்படுத்தி, நிலத்தின் வெறுமையை அதில் நடப்பவனின் உடலிலே ஏற்றினார் அவர். இது கூட்டலா, விளக்கமா என்று வாதிடலாம். ஆனால் அறுபது ஆண்டுகளில் 'இயல்பான ஆங்கிலம்' என்பதன் பொருள் எவ்வளவு மாறிவிட்டது என்பதை இது காட்டுகின்றது. சந்தா செலுத்தியோருக்கென அச்சிட்ட நூல், இரண்டாம் உலகப் போரின் பின் மலிவுப் பதிப்பாகத் தொழிலாளியின் சட்டைப்பைக்கு வந்தபோது, மொழியும் அவனை நோக்கி இறங்கிவந்தது.

எலினோரின் பணிக்கு எதிரான குற்றச்சாட்டையும் கூறாதுவிடுவது நேர்மையன்று. விளடிமிர் நபோக்கோவ் 1950களில் கோர்னெல் பல்கலைக்கழகத்திலே இந்நாவலைக் கற்பித்தபோது அவருடைய மொழிபெயர்ப்பின் பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாடினார். 1980 இல் வெளிவந்த அவருடைய விரிவுரைகளில் இதனைக் காணலாம். அவருடைய முக்கியமான கண்டனம் காலம் பற்றியது. பிரெஞ்சிலே ஓர் இறந்தகால வடிவம் உண்டு. 'நடந்துகொண்டிருந்தாள்', 'நடப்பது வழக்கம்' ஆகிய இரண்டையும் அது ஒன்றாகவே சொல்லும். புளோபேர் தம் நிலக்காட்சிகளையும் கிராமத்துச் சலிப்பையும் அவ்வடிவத்தின் மீதே கட்டினார். ஒன்றும் நிகழாமல் எல்லாம் தொடர்ந்துகொண்டிருக்கும் மாகாண வாழ்வின் காலம் அது. ஆங்கிலத்திலே அதனைப் பல இடங்களில் எளிய இறந்தகாலமாக்கினால், என்றும் நடப்பது ஒருநாள் நடந்ததாகிவிடும்; சலிப்பு சம்பவமாகிவிடும். இக்கண்டனம் நியாயமானது. 1965 இல் போல் டி மான் எலினோரின் மொழிபெயர்ப்பைத் திருத்திப் பதிப்பித்தார். 2010 இல் லிடியா டேவிஸ் புதிதாக மொழிபெயர்த்தபோது, அவ்விறந்தகால வடிவத்தைப் பேணுவதில் தனிக்கவனஞ் செலுத்தினார்.

எனினும் ஒன்றைக் கூறவேண்டும். இக்குறைகள் திருத்தக்கூடியவை; ஏனெனில் எலினோர் எதையும் ஒளிக்கவில்லை. எரு இருக்க, பாற்கட்டி இருக்க, கிழவியின் கைகள் இருக்க, காலவடிவம் பிழைத்தால் பின்வருவோர் திருத்திக்கொள்ளலாம். எருவை வெட்டி எறிந்துவிட்டு எழிலை மட்டும் தந்தவனின் நூலைத் திருத்த வழியில்லை. வாசகன் தான் இழந்தது இன்னதென்றே அறியான்.

முற்போக்கு எழுத்தாளராகிய எமக்கும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. எலினோர் சோசலிசவாதி, தெருமுனையிலும் சங்க மேடையிலும் பேசியவர். கத்தரின் லெரூவின் பதக்கத்தை மொழிபெயர்க்கும்போது தம் சொந்தச் சீற்றத்தை ஒரு சொல்லாகவேனும் சேர்த்திருக்க அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவர் சேர்க்கவில்லை. வில்லியம்ஸ் கண்ணீர்ப் பாக்களைச் சேர்த்ததும், எமக்குள் சிலர் மூலத்தில் இல்லாத கோஷங்களைச் சேர்ப்பதும் ஒரே நோயின் இரு வடிவங்கள். இரண்டும் நிலத்தைத் தன் வாயாற் பேசவிடாதவை. ஐம்பத்துநான்கு ஆண்டு உழைப்புக்கு இருபத்தைந்து பிராங் என்ற கணக்கு எந்தக் கோஷத்தைவிடவும் உரத்துப் பேசவல்லது; அதற்கு மொழிபெயர்ப்பாளன் செய்யவேண்டியது, கணக்கைப் பிழையின்றி எழுதுவதே.

இவ்வரலாறு எமக்குத் தொலைவானதன்று. பிரெஞ்சு நாவல்களை எம்மிற் பெரும்பாலோர் ஆங்கிலத்திலேயே படித்தோம்; அவற்றுட் பல ஆங்கிலத்தின் வழியாகவே தமிழுக்கும் வந்தன. ஆங்கில மொழிபெயர்ப்பாளன் எருவை விட்டுவிட்டால், தமிழ் வாசகன் அதனை ஒருபோதும் காணப்போவதில்லை. அவன் 'திறந்த' என்று எழுதினால் எமக்கும் மழித்த நிலம் திறந்த வெளியாகவே வந்துசேரும். ஆகையால் மொழிபெயர்ப்பு நூலொன்றைக் கையிலெடுக்கும் மாணவனிடம் நாம் கற்பிக்கவேண்டிய கேள்வி, மொழி இனிமையாக ஓடுகின்றதா என்பது மட்டுமன்று. இந்த நிலத்தில் உழுபவன் யார், உடையவன் யார், எருவுக்குச் செலவு எவ்வளவு என்பவற்றை இந்த மொழி சொல்ல அனுமதிக்கின்றதா என்பதும் கேட்கவேண்டிய கேள்வியே. இயல்பு என்று எமக்குத் தோன்றுவது யாருடைய சாளரத்திலிருந்து பார்த்த இயல்பு என்று கேட்கப் பழகிய மாணவன், வருணனைப் பக்கங்களை இனிமேல் புரட்டிவிட்டுப் போகமாட்டான்.

எலினோர் மார்க்ஸ் 1898 மார்ச் 31ஆம் நாள் தம் நாற்பத்து மூன்றாம் வயதில் நஞ்சுண்டு இறந்தார். எம்மா பொவாரியும் நஞ்சுண்டே இறந்தவள் என்பதால் இருவரையும் ஒப்பிட்டு எழுதுவோர் உளர். அது மலிவான ஒப்பீடு. வயல்களின் எழிலைக் கண்டு ஏங்கியவளின் கதையை, அவ்வயல்களுக்கு எருவிட்ட கைகளையும் மறவாது மொழிபெயர்த்தவர் எலினோர். மனச்சாட்சியுள்ள உழைப்பாளி என்று தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயரே அவருக்குப் போதுமானது.